சுரங்கத்தை மூடும் நாள்

வருடம் முழுக்கக் கவலையில்லாமல் தின்று உறங்குகிற ரெஜிஸ் கப்ரோலுக்கு, நவம்பரில் சுரங்கத்தை மூடும் நாள் நெருங்கினால் மட்டும் சாப்பாடு இறங்காது.

ஒரு காலத்தில் அந்தச் சுரங்கத்தின் வழியே ரயில் தடம் போனது. ரெஜிஸின் அப்பா அதில் தண்டவாளம் பார்த்தவர். ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த கூலியாட்களில் ரெஜிஸும் ஒருவன். பல வருடம் முள்மண்டிக் கிடந்த அந்தத் தடத்தில் பொடிச்சரளை கொட்டி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று பச்சைப் பாதை போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது ஊர் அவனைத்தான் கைகாட்டியது. முள் வெட்டினான், இலை ஒதுக்கினான், காற்றில் சாய்ந்த கஷ்கொட்டை மரங்களை அறுத்துத் தள்ளினான். ஆனால் அவன் உயிரை விட்டுச் செய்த வேலை வேறு. அந்தப் பாதைக்குள் ஒரு காரையும் அவன் விடவில்லை.

பாதை ரோட்டைத் தொடும் இடங்களில் எல்லாம் பூட்டு போட்ட இரும்புக் கம்பம் நிற்கும். ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டுமே அதைத் தரையோடு சாய்ப்பான். கல்யாண ஊர்வலக் காரை ஒருமுறை திருப்பி அனுப்பினான். மணப்பெண் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேயர் வந்தபோதும் அதேதான். “என்னய்யா, என்னைத் தெரியலையா?” என்றார் மேயர். “உங்களைத் தெரியுதுங்க. காரைத்தான் தெரியல” என்றான். அந்தக் கதையை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கூடவே சிரிக்க ரெஜிஸால்தான் முடியாது. ஒரே ஒரு காருக்கு அவன் கம்பத்தைச் சாய்த்திருக்கிறான்.

சுரங்கம் மலையைக் குடைந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகிறது. நடுவில் வளைவு, இந்த வாயில் நின்றால் அந்த வாய் தெரியாது. ஆள் நடக்க நடக்க முன்னால் விளக்கு எரியும், பின்னால் அணையும். கீழ்வாய்க்குப் பக்கத்தில் பழைய ஸ்டேஷன் கட்டிடம். அதில் காபிக் கடையும், மாடியில் சைக்கிள் பயணிகளுக்குப் படுக்கையும் வைத்து நடத்தியவர்கள் அர்மானும் அவன் மனைவி சொலாஞ்சும். ரெஜிஸோடு சேர்த்து மூவரும் ஒரே பள்ளிக்கூடம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், மழை தூறிய ஒரு மாலையில், சும்மா ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்று அர்மான் சைக்கிளில் சுரங்கத்துக்குள் போனான். திரும்பவில்லை. மறுநாள் அவன் சைக்கிள் மட்டும் உள்ளே சுவர்ப் பொந்தில் சாத்தியபடி கிடைத்தது. அந்தக் காலத்தில் ரயில் வரும்போது வேலையாட்கள் ஒதுங்கி நிற்கக் குடைந்த பொந்து அது. முந்தின நாள் முழுக்க மேல்வாய் அருகே புல் வெட்டிக்கொண்டிருந்தவன் ரெஜிஸ். போலீஸ் அந்த வாசலிலேயே அவனை நிறுத்திக் கேட்டது. “யாரும் வெளியே வரல” என்றான்.

அவ்வளவுதான், உள்ளே போனவன் வெளியே வரவில்லை என்று ஆகிவிட்டது. மோப்ப நாய் விட்டார்கள், பள்ளத்து ஆற்றில் தேடினார்கள். பிறகு கதை கிளம்பியது. நடுச் சுரங்கத்தில் ஆளே இல்லாமல் விளக்கு எரிகிறதாம். கூடாரமும் பையுமாக வந்த ஒரு டச்சுக்காரத் தம்பதி, பின்னால் யாரோ சைக்கிள் மணி அடித்ததாகச் சொல்லி வெளிறிப்போய் உட்கார்ந்தார்கள். “வௌவால் பறந்தாலும் எரியும், தண்ணி சொட்டினாலும் எரியும்” என்று எலெக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டான். யார் கேட்டார்கள்? ஒரு பொய்யைச் சொல்லி ஊருக்கு ஒரு பேயையே கொடுத்திருந்தான் ரெஜிஸ்.

நடந்தது இதுதான். அன்று அர்மான் மேல்வாயில் வெளியே வந்து அவன் தோளைப் பிடித்தான்.

“டேய், அந்தக் கம்பத்தைக் கொஞ்சம் சாய்டா. கார் இங்க வரைக்கும் வரட்டும். ஊர்ச் சதுக்கத்துல போய் ஏறினா, நான் உட்காரறதுக்குள்ள விஷயம் சொலாஞ்ச் காதுக்குப் போயிடும்.”

“யார் கார்டா?”

“ஒருத்தியோடது. கேக்காத. ஒரு வாரத்துல நானே போன் பண்ணி சொலாஞ்ச்கிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத.”

சின்ன வயதிலிருந்தே அர்மான் சொன்னால் ரெஜிஸ் செய்வான். சாய்த்தான். நண்பன் வாக்குக்கு ஒரு வாரம் காத்தான், போலீஸிடம் பொய்யும் சொல்லியாயிற்று, போன் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? அர்மான் ஸ்பெயின் பக்கம் எங்கோ குடியிருந்தான். கிறிஸ்துமஸுக்கு ரெஜிஸைக் கூப்பிட்டு, நம்ம ஊர் ரக்பி அணி ஜெயித்ததா என்று கேட்பான். சொலாஞ்ச் எப்படி இருக்கிறாள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என்ன மனிதனோ.

சுரங்கத்தில் வௌவால்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்பதால் நவம்பரில் இரண்டு வாயையும் கம்பிக் கதவு போட்டுப் பூட்டுவார்கள். அதற்கு முன் ஒருவர் கீழ்வாயை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டபடி மேல்வாய் வரை நடக்க வேண்டும். மேலே இன்னொருவர் காத்திருந்து திறந்துவிட்டு, மறுபடி பூட்ட வேண்டும். ரெஜிஸ் உள்ளே போகமாட்டான். சின்னப் பையனாக இருக்கும்போது அப்பாவோடு அந்தப் பொந்தில் ஒட்டிக்கொண்டு நின்று, மூக்குக்கு முன்னால் ரயில் போனதைப் பார்த்தவன். அர்மான் காணாமல்போன வருடத்திலிருந்து நடப்பது சொலாஞ்ச்.

அவள் அந்த வழக்கமான கேள்வியைக் கேட்பதில்லை.

“அர்மான்!”

வளைவைத் தாண்டி ஆள் வருமுன் குரல் வரும். சுவரில் மோதி, பெயர் உடைந்து உடைந்து வரும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரெஜிஸ் நிற்பான். நான்கு அடி நடப்பாள், கூப்பிடுவாள். ஏப்ரலில் கதவு திறந்து சைக்கிள்கள் வந்த பிறகும் அந்தக் குரல் அவன் காதை விட்டுப் போகாது. முள் வெட்டும் இயந்திரச் சத்தத்துக்கு அடியிலும் கேட்கும்.

இந்த செப்டம்பரில் ஸ்பெயினிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அர்மான் தூக்கத்தில் இறந்துவிட்டான், புதைத்தாயிற்று. அவன் போனில் இந்த ஊர் நம்பர் ஒன்றுதான் இருந்ததாம்.

சொல்லாவிட்டால் இல்லாத கணவனைச் சாகும்வரை கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். சொன்னால் அவள் கடை வாசல் அவனுக்கு மூடிவிடும். மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்தக் கடையில் அவள் ஊற்றும் மதிய சூப்பை விட்டால் அவனுக்கு மனித வாடையே கிடையாது. இந்த வருடம் மூடும் நாளன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். அன்று மதியம் அவள் கடையில் சூப் அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, அப்படியே இருக்கு? வௌவாலுக்குப் பார்சல் கட்டவா?”

“பசிக்கல.”

“உனக்கா? மாதாகோயில் மணி அடிக்காமப் போனாலும் போகும், உனக்குப் பசிக்காமப் போகாதே.”

“சொலாஞ்ச்... அர்மான் விஷயமா ஒண்ணு...”

துடைத்துக்கொண்டிருந்த டம்ளரை அவள் கீழே வைத்தாள்.

“செத்துட்டானா?”

அவன் தலையை ஆட்டினான்.

“எப்போ?”

“செப்டம்பர்ல. தூக்கத்துல.”

“கொடுத்து வச்சவன்” என்று மறுபடி டம்ளரை எடுத்தாள். “அவன் தூக்கம் எப்பவும் நல்ல தூக்கம்தான்.”

“உனக்கு... உனக்குத் தெரியுமா?”

“மறுநாள் காலைலேர்ந்து தெரியும். போலீஸ் நாயோட உள்ள போச்சு. நான் மேல்வாய்க்கு ஓடினேன். ஈரச் சரளையில கார்ச் சக்கரம் வந்து வளைஞ்சு திரும்பின தடம். மேயர் காரையே விடாத பாதை அது. கம்பத்துக்கு ரெண்டே சாவி. அவசரத்துக்குன்னு ஒண்ணு என் கல்லாவுக்குப் பின்னால ஆணியில தொங்குது, பாரு. அன்னிக்கும் தொங்குச்சு. இன்னொண்ணு யார்கிட்டப்பா இருக்கு?”

ரெஜிஸின் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

“அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் உள்ள போய்க் கூப்பிட்ட?”

“அவன் வருவான்னா கூப்பிட்டேன்? நீ சொல்லுவேன்னு கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ கதவைத் திறக்கறப்போ, இப்பச் சொல்லிடுவான்னு உன் மூஞ்சியையே பார்ப்பேன். நீ என்னடான்னா, ‘குளிர் ஜாஸ்தி, இல்ல?’ம்ப.”

“நீயே கேட்டிருக்கலாமே, சொலாஞ்ச்.”

“கேட்டு வாங்கினா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும். அவன் போனது ஒரு நாள் அடி. நீ தினம் என் சூப்பைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருந்தியே, அதுக்கு என்ன பேரு?”

அவள் கோட்டை மாட்டினாள். மேசையிலிருந்த அவனுடைய வேன் சாவியையும் மேல்வாய்க் கதவுச் சாவியையும் எடுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு உள்ள நீ போற. நான் ரோடு வழியா மேல போய் நிக்கறேன்.”

முடியாது என்று சொல்ல அவனுக்கு உரிமை ஏது? கீழ்வாயைப் பூட்டிக்கொண்டு நடந்தான். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது; பின்னால் அணைவதைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கூரையில் வௌவால்கள் சுருட்டி மாட்டிய கையுறைகள் போலத் தொங்கின. “யாராவது இருக்கீங்களா?” என்றான். குரல் அடுத்த விளக்கு வரைகூட எட்டவில்லை.

பொந்து வந்தது. சைக்கிள் சாத்தியிருந்த சுவரில் கைப்பிடி உரசிய கோடு இன்னும் இருந்தது. அங்கே நின்றதும் அவனுக்கு அப்பாவின் கை நினைவு வந்தது, ரயில் நினைவு வந்தது, தோளைப் பிடித்த அர்மானின் கை நினைவு வந்தது. பாவி, ஒரு போன் பண்ணியிருந்தால் என்ன?

“அர்மான்!” என்று கத்தினான். நாலா பக்கமிருந்தும் அது திரும்பி வந்தது. மறுபடி கத்தினான். அழுதுகொண்டே வளைவைத் திரும்பும்வரை, திரும்பிய பிறகும், கத்திக்கொண்டே நடந்தான்.

மேல்வாயில் சொலாஞ்ச் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முகமெல்லாம் ஈரம். உடனே திறக்கவில்லை.

“இங்க நின்னு கேட்டா இப்படியா இருக்கும்?”

“ஆமா.”

“இத்தனை வருஷமும் இதையா கேட்டுட்டு நின்ன?”

“ஆமா.”

பிறகு பூட்டைத் திறந்து, அவன் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்புமுன், விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“உள்ள யாரும் இல்லையே?”

அவன் திரும்பிப் பார்த்தான். கடைசி விளக்கும் அணைந்திருந்தது.

“யாரும் இல்ல” என்றான். போலீஸிடம் பொய் சொன்ன அதே வாசலில், இந்தத் தடவை அவன் சொன்னது உண்மை. அவள் பூட்டினாள்.