சத்தம் நின்ற திங்கட்கிழமை

அழகமுத்து அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான், அதனால் எனக்குத் தெரியாதது குறைவு. அந்த மனுஷன் பல் துலக்குவதே நடந்துகொண்டுதான். ஒரு கை வாயில் இருக்கும், மறு கை காரைத் தடவிக்கொண்டிருக்கும். மஹய்யாவவில் பிறந்து வளர்ந்து, லொறி ஓட்டி, பஸ் ஓட்டி, கடைசியில் ஒரு பழைய மொரிஸ் மைனரோடு எங்கள் அம்பிட்டியவுக்கு வந்து சேர்ந்தார். எழுபதுகளின் கடைசி அது. அந்தக் காருக்கு வாரத்தில் ஏதாவது ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் போய்விடும்.

காலையில் எங்கள் ரோட்டுப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய் விடுவதுதான் அவருடைய நிரந்தர ஹயர் ஓட்டம். என் மகளும் அதில்தான் போனாள். அம்பிட்டியவிலிருந்து டவுனுக்கு இறங்குவதென்றால் வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் இருக்க வேண்டும். ஊரார் பிள்ளைகளை ஏற்றிப் போகிறோம் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வருடம் மழையோடு மழையாகப் பிரேக்கும் கத்தத் தொடங்கியது. மிதித்தால் போதும், கீச்சென்று ஒரு சத்தம். கார் ரோட்டு முனையில் திரும்பும்போதே எங்கள் குசினிக்குக் கேட்கும். எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்போம். அண்ணனுக்குத்தான் நிம்மதி போய்விட்டது.

முதலில் ஈரம் என்றார். பனியில் பிரேக் டிரம்முக்குள் துரு பூக்கும், நாலு தரம் மிதித்தால் போய்விடும் என்றார். போகவில்லை, வெயிலிலும் கத்தியது. அப்படியானால் தூசி என்று நாலு சில்லையும் கழற்றித் துடைத்தார். பிரேக் லைனிங் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டதோ என்று சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தார். சில்லிலிருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஸ்க்ரூட்ரைவரை விட்டுத் திருப்பிப் பிரேக்கை இறுக்கிப் பார்த்தார். கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்துவிட்டு மறுபடி கீச்சென்றது. லைனிங் ஆணி உரசினால் கரகரவென்றல்லவா கேட்கும், இது கீச்சென்றல்லவா கேட்கிறது என்று தனக்குத்தானே வழக்காடிக்கொண்டு வாசலில் நடப்பார். எந்தச் சில்லு என்று பிடிக்கப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சில்லைப் பிரித்துக் கொடுத்து, ஜன்னலோரம் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய சில்லுதான் கத்துகிறது என்று சத்தியம் செய்தது. தன் சில்லு சும்மா இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

இதிலெல்லாம் நொந்துபோனவள் அவர் மனைவி நல்லம்மா. வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிறவள். சோறாக்கி வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். "இந்தா வர்றேன்" என்று காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வரும். எப்போதாவது வந்தாலும் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "இப்ப ஒண்ணு தோணுது புள்ள" என்று ஓடிவிடுவார்.

"இந்த மனுசன் ஒரு நாளைக்கு என் எதிர்ல உக்காந்து ஒரு வேளை சோறு தின்னா போதும் தங்கச்சி. வேற ஒண்ணும் நான் கேக்கல" என்று வேலியோரம் வந்து சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு அண்ணன்மீது பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கராஜ் பூட்டியிருக்கும் நாள் என்பதால், அண்ணன் காரை வீட்டில் விட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் இருந்த முஹ்ஸின் பாஸைப் பார்க்க பஸ் ஏறினார். பழைய கார்களில் பழகிப்போன மெக்கானிக் அவர். "லைனிங் நல்லாத்தானே ஈக்குது? எங்கயும் கசியல்லதானே? புடிக்குதுதானே? அப்ப கத்தினா கத்தட்டும், உடுங்க" என்றாராம். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் திரும்பியிருப்பார்கள். அண்ணன் இன்னும் குழம்பிப்போய் வந்தார்.

மறுநாள் காலை காரைப் பின்னால் எடுத்து ரோட்டில் நிறுத்தினார். சத்தமே இல்லை.

நான் வேலியோரம் வந்து பார்த்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நல்லம்மா வாசலில் நின்று முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு தங்கச்சி" என்றாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. காரை முன்னால் கொஞ்சம் எடுத்தார், மிதித்தார். பின்னால் எடுத்தார், மிதித்தார்.

"மிதிச்ச இடத்துல நிக்கலையே. கொஞ்சம் தள்ளிப் போயில்ல நிக்குது" என்றார்.

இறங்கி, சீட்டுக்கு முன்னால் காலடியில் இருந்த தரைப் பலகையைத் தூக்கி பிரேக் ஃப்ளூயிட்டைப் பார்த்தார். நிறைய இருந்தது. குனிந்து சில்லுகளுக்குப் பின்னால் பார்த்தார், கசிவு இல்லை. பெடல் இறுக்கமாகத்தான் இருந்தது. குறை என்று காட்ட ஒன்றும் இல்லை, ஆனாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை.

"சில்லைக் கழட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

அவ்வளவுதான், மகனை ஏற்றிவிட வந்து நின்ற சந்திக் கடை ஜமால்தீன் நானாவுக்கு வந்ததே கோபம். அவர் மகன் பஹ்மிக்கு அன்று பள்ளிக்கூடத்தில் சோதனை. "என்ன அழகமுத்து, சத்தம் வந்தாலும் ஒங்களுக்குப் பிரச்சின, வராட்டியும் பிரச்சினயா? புள்ளைக்கு இண்டைக்கி சோதின. பஸ்ஸும் போயிட்டுது. இப்ப போய்ச் சில்லக் கழட்டப் போறாராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அவசரம்தான். அண்ணன் ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எல்லா நாளும் வீண் பயம் பயந்தவர் என்பதால், அன்று அவர் பயத்தை ஒருத்தரும் மதிக்கவில்லை. கடைசியில் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜாக்கியை டிக்கியில் போட்டார். பிள்ளைகளை ஏறச் சொன்னார்.

நல்லம்மாவின் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கார் உறுமிக் கிளம்பும் நேரம் வாசலிலிருந்து ஓடிவந்து, பொனட்டில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் நின்றுவிட்டாள்.

"எடுக்காதீங்க! நான்தான் எண்ணெ விட்டேன்."

"எங்க?" என்று அண்ணன் இன்ஜினை நிறுத்தினார்.

"நீங்க ஸ்க்ரூட்ரைவர் உட்டுத் திருப்புவீங்களே, அந்த ஓட்டையில. மெஷின் எண்ணெ. நேத்து நீங்க பாஸைப் பாக்கப் போனப்ப."

தையல் மெஷின் எண்ணெய்க் குப்பிக்கு நீளமான மூக்கு. அந்த ஓட்டைக்குள் அது நன்றாகவே போயிருக்கும். அவள் தொழிலில் எது கத்தினாலும் எண்ணெய்தான் மருந்து. பிரேக்கில் எண்ணெய் பட்டால் சத்தத்தோடு பிடிப்பும் போய்விடும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

"எந்தச் சில்லுல?"

"எது கத்துதுன்னு எனக்குத் தெரியல. நாலுலயும் விட்டேன்."

பிள்ளைகளை இறக்கினோம். முதல் வளைவுக்குக் கீழே என்ன பள்ளம் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜமால்தீன் நானா பஹ்மியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏன் தங்கச்சி இப்பிடிச் செஞ்ச?" என்று கத்தினார்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் அண்ணன். பிறகு அவரே மெதுவாகக் கேட்டார்: "ஏன் புள்ள?"

"சத்தம் நின்னா சாப்பிட உக்காருவீங்கன்னு நெனச்சேன்." அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னாள்.

"நான்தான் வந்து தின்னுட்டுப் போறேனே?"

"நீங்க நின்னுக்கிட்டுத் தின்னுட்டு ஓடுறீங்க. நீங்க உக்காராம நான் எப்படி உக்காந்து சாப்பிடுறது?"

"அப்ப நீ எப்ப சாப்பிடுவ?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அதை நான் சொல்லியிருப்பேன். எத்தனையோ நாள் பொழுது சாயும் நேரத்தில் வெறும் தேத்தண்ணியோடு வேலியோரம் நின்றவளை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டால், இனிமேல்தான் என்பாள். ஆனால் அன்று அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நுழையவில்லை.

அண்ணன் கதவைத் திறந்து, கால்களை ரோட்டில் வைத்தபடி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியாதே புள்ள" என்றார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"காலையிலேயே சோறு வடிச்சிட்டேன். வாங்க" என்று நல்லம்மா உள்ளே நடந்தாள்.

அவர் எழுந்து அவள் பின்னால் போனார். கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை.