‘ஹாலோ ஹாலோ’ என்பதன் பொருள்

லிவர்மோர் கோயிலுக்குச் செல்லும் வழியில், வெயிலுக்கு ஒதுங்கி, மில்பீட்டஸில் ஒரு பிலிப்பினோ கடையில் அமர்ந்திருக்கிறேன். குளிர்ச்சியாக ஏதேனும் கேட்டதும், கடைக்கார அம்மையார் உயரமான கண்ணாடிக் குவளையொன்றை என்முன் வைத்து, “ஹாலோ ஹாலோ” என்கிறார். முகமன் எனக் கருதி நானும் இருமுறை ‘ஹலோ’ சொல்கிறேன்.

சீவிய பனிக்கட்டியின்மேல் ஊதாநிறக் கிழங்குக் களியும் மஞ்சள் துண்டமொன்றும் இருக்கின்றன.

“இந்த மஞ்சள் என்ன?”

“முட்டையும் பாலும் சேர்ந்த இனிப்பு, சார். அதுதான் ருசியே.”

அறுபத்தெட்டு ஆண்டுகளாக முட்டையை நாவில் வைத்திராதவன் நான். துண்டத்தைத் தீண்டாமல் ஓரமாக உண்கிறேன்.

“இப்படியா சாப்பிடுவது? எங்கள் மொழியில் ஹாலோ ஹாலோ என்றாலே கலக்கு, கலக்கு என்றுதான் அர்த்தம்.”

நான் விளக்குமுன் கரண்டியை வாங்கி அடிவரை கலக்கிவிடுகிறார். முட்டை எங்கேயென்று இனி எவராலும் காட்ட இயலாது. அவர் என் முகத்தையே ஆவலுடன் பார்த்து நிற்கிறார்.

கோயிலுக்கு நாளை செல்லலாம் என முடிவுசெய்து, ஒரு கரண்டி உண்கிறேன்.