பையை எடுத்துவிடலாம்

வெளியே பனி கொட்டுகிறது. எல்லாரும் ஸ்வெட்டருக்குள் சுருண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் மேசை ஃபேன் ஓடுகிறது. இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மாதவிடாய் நிற்கிற வயது. அதற்காக மேனேஜரம்மா வாங்கித் தந்த ஃபேன் இது. தரும்போது எல்லாரும் கைதட்டினார்கள். எதற்கென்று இன்னும் புரியவில்லை.

முதலில் டாக்டரிடம் போனபோது, "ஹாட் ஃப்ளஷ் இருக்கிறதா?" என்று கேட்டார். கக்கூஸைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ஃப்ளஷ் இருக்கிறது, சுடுதண்ணீர் வராது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தார். உடம்பில் திடீரென்று அனல் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. பிறகு தோலில் ஒட்டுகிற ஹார்மோன் பேட்ச்சின் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லி, முடிவு உன்னுடையது என்றார். ஒட்டிக்கொண்டேன். தூக்கம் வந்தது.

சாப்பாட்டு மேசையில் கூட வேலை செய்கிறவர்களுக்குள் இதற்கு தினமும் சண்டை. இது நோயே இல்லை, மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம் என்பாள் லிண்டா. பேட்ச் இல்லையென்றால் புருஷனைக் கொன்றிருப்பேன் என்பாள் சூசன். ஒருநாள் லிண்டா என் பக்கம் திரும்பி, "உங்கள் நாட்டுப் பெண்களுக்கு இந்தத் தொல்லையே இல்லையாமே? இயற்கையோடு வாழ்கிறீர்களாமே?" என்றாள். எனக்கு எரிந்தது. தொல்லை இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. அதைச் சொல்லுமளவு ஆங்கிலம் வரவில்லை. சோற்றைத் தின்றேன்.

அன்று சாயங்காலம் ஏற்காட்டு மலையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். வாழவந்தியில் இருக்கிறாள், எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறாள். அங்கே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். "...பையை எடுத்துரலாங்கறாங்க, என்ன கண்ணு பண்றது?" என்பது மட்டும் கேட்டது. போன லீவில் என் பெரிய பையை அவள் வீட்டு பீரோ மேல் விட்டுவிட்டு வந்திருந்தேன். ரெண்டு சேலை, ஒரு செருப்பு. திரும்பிப் போனால் வேண்டுமே என்று.

"எடுத்துருக்கா. எடத்த அடச்சுக்கிட்டு எதுக்கு?"



"இத்தன லேசா சொல்றயே கண்ணு. ஒடம்புல இருக்கறதாச்சே."

எங்கள் பக்கம் கர்ப்பப்பைக்கும் பை என்றுதான் பெயர். "அய்யோ அக்கா, நான் பீரோ மேல இருக்கற பையச் சொன்னேன்" என்று கத்தினேன். சமையலறையே திரும்பிப் பார்த்தது.

அக்காவுக்கு நொம்ப நாளாக ரத்தம் நிற்காமல் போகிறது. சேலத்து டாக்டர் ஸ்கேன்கூடப் பார்க்காமல் ஆபரேஷன் என்றிருக்கிறார். "எங்கூடப் பறிக்கறவீங்க நாலு பேருக்கு எடுத்தாச்சு. இனி அது எதுக்குங்கறாரு" என்றாள். வேண்டியவர்களுக்கு ஆபரேஷன் வேண்டும்தான். ஏன், எதற்கு, வேறு வழி உண்டா என்று சொல்ல அந்த ஆளுக்கு வாயில்லையா? எனக்கு ஒரு துண்டு பேட்ச்சுக்கு அத்தனை விளக்கம். அவளுக்கு ஒரே வார்த்தை.

வேறு டாக்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று திட்டினேன். அவளும் என்னைத் திட்டினாள். ஆனால் போனாள். குப்பனூர் வழியாக பஸ்ஸில் மலையிறங்கி ஒரு லேடி டாக்டரைப் பார்த்தாள். அவர் எல்லாச் சோதனையும் செய்து, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

நேற்று கூப்பிட்டாள். ரத்தம் குறைந்திருக்கிறதாம்.

"என்ற பை இருக்கட்டும். உன்றத என்ன பண்றது? தூக்கிப் போட்டுரட்டுமா?"

"வேண்டாக்கா. அங்கயே இருக்கட்டும்."

"எப்ப வந்து எடுப்ப?"

பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. வெளியே பனி. நான் ஃபேனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.