மூணு வேளையும் சாப்பிடுறோம் மிஸ்

நோர்வூட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வரும் ரோட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளில் முதல் லயம் எங்களுடையது. அதனால் வறுமையைப் பற்றி எவர் ஆராய்ச்சி செய்தாலும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுக்கவில்லை. எங்களுக்கு அலுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பூரணி கொழுந்து எடுப்பவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான், நினைத்தால் பணம் அனுப்புவான். கொழுந்து குறைந்த நாளில் இவளுக்குப் பாதிச் சம்பளம்தான். ஆனாலும் யார் வந்தாலும் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, பால்மா டப்பாவைச் சுரண்டியாவது பால்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து கஜனி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் வந்தாள். எந்தத் தோட்டத்தில் பட்டினி அதிகமோ, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு கொடுக்க ஒரு நிறுவனம் தயாராக இருக்கிறது என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சாப்பிடுறனீங்கள், அக்கா?"

"மூணு வேளையும் சாப்பிடுறோம் மிஸ். கடவுள் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல," என்றாள் பூரணி.

அடிப்பாவி! காலையிலிருந்து அவள் வயிற்றில் பாலில்லாத வெறும் சாயத்தண்ணிதான். இடுப்பில் கிள்ளினேன், அசையவில்லை. மற்ற வீடுகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? வாசல் ஏறி வந்தவர்களிடம் அடுப்பு எரியவில்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. சாப்பாடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது.

இந்த வருஷம் பூரணியின் மகள் நிஷாந்தி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. வெறும் வயிறு என்றார் டீச்சர். பூரணி என் மடியில் விழுந்து அழுதாள்.

"வெக்கத்தப் பாத்துப் பாத்தே புள்ளயக் கொன்னுருவேன் போலருக்கேக்கா."

நேற்று கஜனி மறுபடி வந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு தோட்டத்தைச் சேர்க்கப் போகிறார்களாம். பூரணி நாற்காலி தேடி ஓடவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று நின்றாள்.

"இந்தமுறை பிள்ளையளிட்டத்தான் கேக்கிறம், அக்கா. பெரியாக்கள் மறைக்கினம்," என்று சிரித்த கஜனி, நிஷாந்தியின் பக்கம் திரும்பினாள். "நேற்று இரவு என்ன சாப்பிட்டனீங்கள்?"

பிள்ளை நிமிர்ந்து நின்றாள். "சோறும் மீன்கறியும் மிஸ். மிஞ்சிப்போயி நாய்க்குக்கூட போட்டோம்."

"பொய்ங்க மிஸ்!" பூரணி பதறிவிட்டாள். "ராத்திரி அடுப்பே பத்த வைக்கல!"

நிஷாந்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். "ஏம்மா இப்புடி மானத்த வாங்குறீங்க? மிஸ், அம்மாதான் பொய் சொல்றாங்க. நாங்க சாப்பிட்டோம்!"

கஜனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள். "பிள்ளை சொல்லுறதைத்தான் எழுதோணும், அக்கா," என்றாள் மெதுவாக.

பூரணி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"நான் வளத்த புள்ளதானேக்கா," என்றாள் என்னிடம்.