மாப்பிள்ளை உட்கார வைத்த முதல் ஆள்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவள் மேற்பார்வையாளர். யாரை இஸ்திரி மேசையில் நிறுத்துவது, யாரைக் கொஞ்சம் உட்கார வைப்பது என்று ஆட்களைப் பிரித்தே பழகியவள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்தபோது, பொழுது போகட்டுமே என்று மகள் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். நாலு டென்னிஸ் வீரர்களைக் கட்டி மேய்க்க வேண்டும். பந்தை அடிப்பது அவர்கள் பாடு. பயிற்சி, ஓய்வு, யாரை எப்போது இறக்குவது என்பதெல்லாம் இவள் தலைவலி. கால் சரியாகிவிட்டது, பித்துதான் தெளியவில்லை.

நாலு பேரில் சிடுமூஞ்சிதான் அவளுக்கு உயிர். ஒரு புள்ளி போனால் முறைத்துக்கொண்டு அடுத்த மூன்றையும் கோட்டை விடுவான். அவனைத் திட்டாத நாளில்லை. விற்றுவிடு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாள்.

விளையாட்டில் அவள் அணி இருந்த லீக்கிலேயே மாப்பிள்ளையும் ஓர் அணி வைத்திருந்தார். தங்கமான மனிதர், வாய்தான் திறக்காது. வீட்டுக்கு வந்தால் சோபா நுனியில் உட்காருவார். "சரிங்க அத்தை", "வேண்டாங்க அத்தை": கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது இவ்வளவுதான். மகளைக் கட்டியவரிடம் மனம் விட்டு ஒரு வார்த்தை பேச முடியவில்லையே என்று அவளுக்கு உள்ளூரக் குறை.

சீசனின் கடைசி ஆட்டம் மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் வந்து சேர்ந்தது. ஜெயித்தால் அவள் அணி முதல் பிரிவுக்கு ஏறும். அவருக்கோ இதில் லாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆட்டம் தொடங்கும்வரை யார் யாரை இறக்குகிறார்கள் என்று திரையில் தெரியும், மாற்றவும் செய்யலாம். அவள் திறந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் முதல் ஆள், அந்த அணியிலேயே கெட்டிக்காரன், ஓரமாக உட்கார்ந்திருந்தான். இரண்டாவது ஆள் இறங்கத் தயாராக நின்றான். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே போன் போட்டாள்.

"மாப்பிள்ளை, உங்க மொத ஆளுக்கு என்ன?"

"கொஞ்சம் அசதிங்க அத்தை."

"வாரம் பூரா அவனப் படுக்க வச்சிருக்கீங்க, அசதியா? எனக்கு விட்டுக் குடுக்குறீங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"பிச்சையா வாங்கிட்டு மேல போயி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்கார்றது? அவனையே இறக்குங்க."

"சரிங்க அத்தை."

ஆட்டம் வரி வரியாகத் திரையில் ஓடியது. முதல் செட் சிடுமூஞ்சிக்கு. அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தாள். ஆபரேஷன் செய்த கால் என்ற நினைப்பே இல்லை. இரண்டாவது செட்டில் பயல் முறைத்துக்கொண்டான், போயிற்று. மூன்றாவதற்கு முன் "வலைக்கு ஏறு" என்று உத்தரவு போட்டாள். ஏறினான், அள்ளினான். ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு. கடைசிப் பந்து சிடுமூஞ்சியின் தலைக்கு மேலே போய்க் கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

தோற்றுப் போனாள். போன் அடித்தது.

"அத்தை, பாத்தீங்களா? நீங்க வலைக்கு ஏத்துவீங்கன்னு எனக்குத் தெரியும், அதான் தலைக்கு மேல தூக்கிப் போடுடான்னு சொன்னேன். எப்பிடி நம்ம மூளை? உங்க சிடுமூஞ்சி இப்ப எங்க, அழுதுட்டிருக்கானா?"

பின்னால் மகள் பதறுவது கேட்டது. "ஏங்க, அம்மாகிட்டப் போயி இப்பிடியா கத்துவீங்க?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"நீ குறுக்க வராதடி," என்றாள். "அவர் பேசட்டும்."