வெள்ளை நார்

எங்கள் அப்பா செத்தபோது கறி கான்ட்ராக்டருக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி நாலாயிரம். அந்தக் காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு வீடே வாங்கலாம். அப்பாவின் நெஞ்சு நோய்க்கு மருந்து, ஊசி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய கடன். மருந்தும் கேட்கவில்லை, மனுஷனும் தங்கவில்லை, கடன் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. "அடைக்கிறவரைக்கும் ரெண்டு பசங்களும் என் அறுப்புக்கூடத்துலதான்" என்று சாவு வீட்டு வாசலிலேயே கான்ட்ராக்டர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்.

அப்படித்தான் நானும் என் தம்பியும் அறுப்புக்கூடத்துக்குள் போனோம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கையெழுத்துப் போடுவேன், கணக்குப் போடுவேன். மற்றதெல்லாம் கத்திமுனையில் கற்றது. இன்றைக்கு என் சிலைப் பட்டறையிலிருந்து பறக்கும் குதிரையும் கடல் நாகமும் லாரி லாரியாகப் போகின்றன. எந்தப் பூங்காவில் றெக்கை வைத்த சிங்கத்தைப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் நின்று அதன் தோளைப் பாருங்கள். தோள் சரியாக இருந்தால் அது என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமை, ஓசியில் வந்ததில்லை.

அறுப்புக்கூடத்தின் பின்சுவர் வெள்ளையடித்த சுவர். வேலை ஓய்ந்த நேரத்தில் கரித்துண்டால் அதில் வரைவேன். மாடு, ஆடு வரைந்து அலுத்துப்போய், உலகத்தில் இல்லாத மிருகங்களுக்கு வந்தேன். எனக்கு ஒரு முறை உண்டு, இன்றும் அதுதான். முதலில் மிருகத்தைத் தோலுரித்து வரைவேன். எலும்பு எங்கே, கறி எங்கே, கத்தி எந்த மூட்டில் இறங்கும் என்று எல்லாம் முடிவான பிறகுதான் தோலைப் போர்த்துவேன். மற்ற ஓவியர்கள் குதிரை முதுகில் றெக்கையைத் தபால் தலை மாதிரி ஒட்டிவிடுவார்கள். கோழியின் நெஞ்சில் ஏன் அவ்வளவு கறி? றெக்கையை இழுக்க. அப்படியானால் பறக்கிற சிங்கத்துக்கு நெஞ்சு படகு மாதிரி முன்தள்ளி இருக்க வேண்டும். முன்னங்காலின் தோள்பட்டைக்குப் பின்னால் றெக்கைக்கு இன்னொரு தோள்பட்டை வேண்டும். அதற்கு இடம் விட்டு விலா எலும்பு பின்னால் நகர வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கூடத்து ஆட்கள் சுவரைப் பார்த்துக் கிண்டலடிப்பார்கள்.

"ஏம்பா, இதுக்கு ஈரல் எந்தப் பக்கம்?"

"உனக்கு இருக்கற பக்கம்தான். உனக்குக் குடிச்சுக் கெட்டுப்போயிருக்கு, இதுக்கு நல்லா இருக்கு."

என் தம்பிக்கு வேறு கவலை. அவன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், என்னைவிட நல்ல கத்தி. எந்த மிருகம் வரைந்தாலும் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பான்.

"எத்தனை கிலோ தேறும் அண்ணே?"

"முந்நூறு."

"றெக்கையில கறி இல்லையே. அதை யாரு வாங்குவா? சூப்புக்குத்தான் போகும்."

பத்து வருஷம் இப்படிப் போயிற்று. கூலியில் பாதியைக் கான்ட்ராக்டர் கடனுக்கென்று பிடித்துக்கொள்வார். பிடித்ததில் பாதி வட்டிக்குப் போகும். நாலாயிரம் ரெண்டாயிரமாகியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் பக்கம் ஒரு வேடிக்கைக் கூடாரம் வந்து இறங்கியது. ராட்டினம், கண்ணாடி அறை, கூண்டில் ஒரு கிழட்டுச் சிங்கம். சிங்கத்துக்குக் கழிவுக் கறி வாங்கக் கூடாரக்காரரே நேரில் வருவார். குள்ளமான ஆள், தொப்பைக்கு மேலே வேட்டியை இறுக்கிக் கட்டியிருப்பார். ஒருநாள் கறியை மறந்துவிட்டுச் சுவர் முன்னால் நின்றுவிட்டார்.

"யாரு கை இது?"

நான் முன்னால் போய் நின்றேன். நான் எப்போதும் பின்னால் நிற்கிறவன் இல்லை.

கூடாரத்துக்குள் பொம்மை மிருகங்கள் வைத்து ஒரு குகை கட்டுகிறாராம். வாசலுக்கு ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கில் ஒரு படுதா வேண்டும். படுதாவைப் பார்த்தே சனம் காசை எடுக்க வேண்டும். "வரஞ்சு குடு. கூட்டம் வந்தா நீ கேக்கறதைத் தர்றேன்" என்றார். நான் ரெண்டாயிரம் கேட்டேன். அவர் சிரித்தார், இருமினார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் சரி என்றார்.

நான் வரைந்தேன். சிங்க உடம்பு, கழுகுத் தலை, றெக்கை விரித்து, முன்கால் நகத்தால் ஒரு காளையைத் தூக்குகிற மாதிரி. ஒரு மூட்டுகூடத் தப்பில்லை. தம்பி பார்த்துவிட்டு, "அறுநூறு கிலோ" என்றான்.

கூடாரக்காரர் படுதாவின் முன்னால் வெகுநேரம் நின்றார். காதைச் சொறிந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது செத்துப்போயிருக்கேப்பா."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மறுபடி பார்த்தேன். அந்த மனுஷன் சொன்னது உண்மை. கால்கள் கொக்கியில் தொங்குகிற கால்கள். நகம் காளையைத் தொட்டுக்கொண்டிருந்ததே ஒழியப் பிடிக்கவில்லை. நான் வாழ்நாளெல்லாம் உள்ளே பார்த்த உடம்பு அத்தனையும் செத்த உடம்பு. உயிருள்ளதைத் தோலுக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். தோலுக்குக் கீழே, இழுத்துப் பிடிக்கிறபோது என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"கூடாரம் கெளம்பறதுக்குள்ள இன்னொன்னு போடு. துணி நான் தர்றேன். அதுவும் செத்துப்போச்சுன்னா துணிக்குக் காசு நீ தரணும்" என்றார் கூடாரக்காரர்.

தம்பி தன் கையைக் கொடுத்தான். கொக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாரு அண்ணே, நல்லா பாரு" என்று நிற்பான். மணிக்கட்டில் ரெண்டு கோடு எழும்பும், அவ்வளவுதான். தோல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. நான் வரைந்து வரைந்து அழித்தேன்.

கறியையும் எலும்பையும் கட்டுகிற வெள்ளைக் கயிறு ஒன்று உண்டு. தொழிலில் அதை வெறுமனே நார் என்போம். வெட்டி எறிகிற பொருள், நாய்க்குப் போகும்.

ஒரு காலை நேரம், நெரிசலான அறுப்பு. தம்பி ஒரு தொடையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கத்தி எலும்பில் சிக்கியது. கைப்பிடியெல்லாம் கொழுப்பு. அவன் பலமாகத் தள்ள, கை வழுக்கிப் பிடியிலிருந்து அலகின்மேல் ஓடிவிட்டது. கூடத்தில் இது எல்லோருக்கும் நடக்கிறதுதான், தோலோடு போகும். இது தோலோடு போகவில்லை.

அவன் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் தண்ணீரை ஊற்றினேன். உள்ளங்கை குறுக்கே வாய் பிளந்திருந்தது. பெருவிரல் மட்டும் தப்பியிருந்தது.

"மூட முடியல அண்ணே."

"முயற்சி பண்ணு."

அவன் முயற்சி செய்தான். அப்போது பார்த்தேன். வெட்டுக்குள்ளே நாலு வெள்ளை நார், அறுந்த நுனிகள். அவன் மூட நினைத்ததும் நாலும் ஒன்றாக உள்ளே ஓடின, பொந்துக்குள் போகிற மாதிரி. முன்கையில் சதை உருண்டு எழுந்தது. விரல்கள் அசையவில்லை. ஆனால் இழுப்பு எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே போய்ப் பிடிக்கிறது என்று ஒரு நொடியில் முழுசாக எனக்கு விளங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடியிருப்பார்கள். நான் பார்த்தேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. பார்க்காமல் விட்டிருந்தாலும் அந்தக் கை கூடியிருக்காது.

"என்ன அண்ணே அப்படிப் பாக்கற?" என்றான் தம்பி.

நான் துணியைச் சுற்றி இறுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தோலைத் தைத்தார். நல்ல மனுஷர், உண்மையைச் சொன்னார். "உள்ள ஓடின நாரைத் தேடிப் புடிச்சுத் தைக்கணும். அதுக்கு ஆள் இங்க இல்லை. பெரிய ஊருக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. தள்ளிப்போட்டா சுருங்கிப்போயிரும்."

கான்ட்ராக்டரிடம் ஓடினேன். அவர் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"இருக்கற கடனே பல்லை இளிக்குது. இதுல புதுசா வேறயா?"

"மொதலாளி, அவன் கை போயிரும்."

"போனா போகுது, ஆளு இருக்கான்ல? கட்டுப் பிரிச்சதும் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பு. தோலைக் காலால மிதிச்சு, தோளால தள்ளணும். அங்க விரலுக்கு வேலை இல்லை."

சுண்ணாம்புத் தொட்டி என்றால் என்ன என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். தோலிலிருந்து மயிரை நீக்கும் குழி அது. அங்கே நின்றவர்களின் கால் முழங்கால்வரை வெந்து உரிந்திருக்கும். எங்கள் தெருவில் ரெண்டு பேர் அந்தத் தொட்டியிலிருந்து வந்து கட்டிலில் படுத்தவர்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. "கட்டு எப்ப பிரிப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். அதையே மறுநாளும் கேட்டாள்.

கட்டுப் பிரிப்பதற்குள் ரெண்டாயிரம் வேண்டும். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

புதுத் துணியைக் கூடாரத்தின் பின்பக்கம் கட்டிக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை மிருகத்தை நகத்திலிருந்து தொடங்கினேன். நகத்துக்கு நார், நாருக்குச் சதை, சதைக்குத் தோள், தோளுக்கு நெஞ்சு. காளையைப் பிடித்திருக்கிற இழுப்பு மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, எதிர்ப்பக்க றெக்கைவரைக்கும் போயிற்று. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் மிருகம் கவிழ்ந்துவிடும். தோலைப் போர்த்தியபோது தோல் தானாகவே விறைத்து நின்றது. கூண்டிலிருந்த கிழட்டுச் சிங்கத்தை அதன் பக்கத்தில் பார்க்கப் பாவமாக இருந்தது.

கூடாரக்காரர் வந்தார். இந்தத் தடவை காதைச் சொறியவில்லை. ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். பிறகு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

படுதா ஏறின அன்று சாயங்காலமே வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒரு குழந்தை வீல் என்று அழுதுகொண்டே, உள்ளே போக வேண்டும் என்று அடம்பிடித்தது. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குப் பிறகு கிடைத்ததில்லை, மேடை போட்டு மாலை போட்டவர்களிடமும்கூட.

தம்பி கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். கூட்டத்துக்கு நடுவே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். எத்தனை கிலோ என்று சொல்வான் என்று காத்திருந்தேன்.

"இது என் கை" என்றான்.

"ஆமா."

"அன்னைக்கு அதைத்தான் பாத்தியா?"

"ஆமாடா."

நகத்தை அண்ணாந்து பார்த்தான். "நல்லாத்தான் புடிச்சிருக்கு. கூடாரம் போனாலும் விடாம புடிச்சுக்கச் சொல்லு." அதற்குப் பிறகு அவன் அந்தப் படுதாவைப் பார்க்க வரவில்லை. என் மிருகம் எதற்கும் அவன் அப்புறம் எடை சொன்னதும் இல்லை.

கூடாரம் கிளம்புகிற அன்று கூடாரக்காரர் ஆயிரத்தைந்நூறில் நிற்கப் பார்த்தார். "அப்படின்னா நகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கறேன், மிச்சத்தை நீங்க வச்சுக்குங்க" என்று கத்தியை எடுத்தேன். முழுசாகத் தந்தார். சில்லறை நோட்டாகத் தந்தார், ஒரு பை நிறைய.

அன்று காலையில்தான் தம்பிக்குக் கட்டுப் பிரித்திருந்தார்கள். பையோடு அவனைக் கூட்டிக்கொண்டு நேராக அறுப்புக்கூடத்துக்குப் போனேன். கான்ட்ராக்டர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் கட்டை விரலால் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் காட்டினார்.

"வேலைக்கு வரல மொதலாளி. கணக்கு முடிக்க வந்தோம்" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். நான் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்தேன். அதற்குள் தம்பி நடுவில் வந்து நின்று தன் வலது கையை நீட்டினான்.

"என் கையில எண்ணு அண்ணே. நான் அவருக்குத் தர்றேன்."

"அந்தக் கையால எப்படிடா புடிப்ப?" என்றார் கான்ட்ராக்டர்.

"புடிக்கணும்னு இல்ல மொதலாளி. தாங்கினா போதும்."

கூடத்தில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. ஈரலைக் கேட்டுக் கிண்டலடித்தவன் முன்னால் வந்து, நோட்டு பறக்காதபடி காற்றை மறைத்து நின்றுகொண்டான். தம்பியின் உள்ளங்கை குறுக்கே தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. விரல்கள் நாலும் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. நான் நோட்டை ஒவ்வொன்றாக, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் அடுக்கினேன். பழக்கதோஷத்தில் அவன் மூடப் பார்ப்பது முன்கையில் தெரிந்தது. சதை உருண்டது, அடங்கியது. கடைசி நோட்டை வைத்து ரெண்டாயிரம் என்றேன். கை திறந்தபடியே இருந்தது.