தங்கச்சிக்குப் பணம் அனுப்பிய கடை

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், புக்கிட் செலம்பாவிலிருந்து பஸ் ஏறி வந்து, அலோர் ஸ்டாரில் பணம் அனுப்பும் கடையில் நிற்கிறேன். தமிழ்நாட்டில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன். அவள் ஊருக்குப் போகிற ஒருவர், காசைச் சும்மாவே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்கிறார். அதைக் கவுண்டரில் சொல்கிறேன்.

"கையில குடுக்காதீங்க பாட்டி, தொலைஞ்சா யாரைப் போய்க் கேப்பீங்க? எங்களுக்கு லைசென்ஸ் இருக்கு, ரசீது தருவோம் லா," என்கிறாள் கவுண்டர் பெண்.

"போன்ல குரல்தாம்மா கேக்குது. அவருன்னா அவ முகத்தைப் பாத்துட்டு வந்து சொல்லுவாரு."

"அதுக்கு எங்ககிட்ட வழி இல்லையே, பாட்டி."

ஆபரேஷன் காசாச்சே. கவுண்டர் பெண்ணிடமே கொடுக்கிறேன்.

கட்டணம் பேங்கைவிடக் குறைவு என்றுதான் காதில் விழுந்தது. யாராவது விசாரித்துச் சரிபாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போகிறவர்கள் என் தங்கச்சியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.